ஆளில்லாத தீவுக்கு ஆள் சேர்த்தவள்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவளிடம், உள்ளே வருகிற எல்லோரும் முதலில் கேட்பது "வலிக்குமா?" என்றுதான். அவள் மருத்துவர் இல்லை. ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்குங்க, அவ்வளவுதான்" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் உள்ளறையிலிருந்து பல்லைக் குடைகிற இயந்திரம் 'ங்ஙீ' என்று வீறிடும். கேட்டவர் முகத்தில் ஈயாடாது. பிறகு தொலைபேசி அடிக்கும். அதை வைத்தால் மற்றொன்று. நடுவில் டாக்டரம்மா கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "அடுத்தது யாரு?" என்பார்.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு வகைச் சத்தம். அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். பகல் முழுக்க, ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கத்திக் கத்தி, சாதாரணமாகப் பேசுவது எப்படி என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. அவள் டீ ஊற்றினால், "மெதுவா, மெதுவா... போதும், நிறுத்து!" என்பார். பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும் மகளோ வாயைத் திறந்தாலே கேள்விதான். "அம்மா, என் சார்ஜர் எங்க? அம்மா, நீல சட்டை எங்க? அம்மா, நான் எங்க வெச்சேன்னு உனக்குத் தெரியாதா?"

இப்படிப்பட்டவள் ஒரு கேளிக்கைப் பூங்காவின் தீவிர ரசிகையாகி, அங்கே நடந்த ஒரு பெரிய சண்டையில் ஒரு கட்சிக்கே தலைமை தாங்கினாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் நடந்தது.

பூங்காவின் வண்டி ஓட்டுநர்களுக்குக் கணவர் பயிற்சி கொடுத்ததில், குடும்பத்துக்கே ஆண்டு முழுக்கச் செல்லும் நுழைவு அட்டை கிடைத்தது. அப்பாவும் மகளும் தலைகீழாகத் தொங்கவிடும் எந்த ராட்டினத்தையும் விடமாட்டார்கள். இவளுக்கோ லிப்டில் ஏறினாலே தலை சுற்றும். ஆகவே பை, தண்ணீர் பாட்டில், செருப்பு, செல்போன் எல்லாம் இவள் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாங்காமல் நிழல் தேடிப் போனவள், ஒரு மரப் பாலத்தைக் கடந்து 'கொள்ளையர் தீவு' என்று எழுதியிருந்த இடத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

செயற்கைக் குளம். நடுவில் சிமென்டால் கட்டிய ஒரு குன்று. அதன் மேல் சாய்ந்த பாய்மரத்தோடு ஒரு பொம்மைக் கப்பல். கப்பலின் வாசலில், புதையல் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி ஓர் எலும்புக்கூடு. மிதிபடகுகளைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். ஈ காக்கை இல்லை. குன்றுக்குப் பின்பக்கம் போனால் ஒரு பெஞ்சு. பூங்கா முழுக்கக் காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி அங்கே மட்டும் கேட்கவில்லை. அவள் உட்கார்ந்தாள். தண்ணீரைப் பார்த்தாள். தூங்கிப் போனாள். விழித்தபோது, யாருடைய போனையோ வாங்கி மகள் அழைத்த அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன.

அதற்குப் பிறகு 'பூங்காவுக்குப் போகலாமா?' என்று வீட்டில் முதலில் கேட்பவள் அவள்தான். கணவருக்கு ஒரே ஆச்சரியம். "உனக்குத்தான் எதுவும் ஏறப் பிடிக்காதே?" என்றார். "எனக்கு எறங்கிக் கெடக்கப் பிடிக்கும்" என்றாள்.

ரசிகர் குழுவில் அவள் சேர்ந்தது இன்னும் தற்செயல். தீவில் இருந்த கழிவறை பூட்டிக் கிடந்தது. எப்போது திறப்பார்கள் என்று யாரிடம் கேட்பது? செல்போனில் 'ராட்டினக் கூட்டம்' என்றொரு குழு இருப்பதாகச் சொல்லி மகள் அவளைச் சேர்த்துவிட்டாள். சேர்த்தவள், அம்மாவின் படமாக மருத்துவமனை மேசையில் இருக்கும் பெரிய பிளாஸ்டிக் பல்லை வைத்துவிட்டாள். கழிவறைக் கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆனால் குழுவை நடத்தும் மெத்தைக் கடைக்காரர், "வாங்க, பல்லக்கா!" என்று வரவேற்றார். அன்றிலிருந்து அவள் பெயர் பல்லக்கா. எல்லோரும் 'தலைவர்' என்று அழைக்கும் அந்த மெத்தைக் கடைக்காரருக்கு, எந்த மனிதரைப் பார்த்தாலும் ஒரு பட்டப்பெயர் வைக்காவிட்டால் சோறு இறங்காது.

சில மாதங்கள் பல்லக்கா வாயே திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் காலையில், பூங்கா ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மக்கள் அதிகம் வராத கொள்ளையர் தீவை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு புதிய ரோலர் கோஸ்டர் அமைக்கப் போகிறார்களாம். கூடவே ஒரு படம்: குளம் இருந்த இடத்தில் குடலைப் புரட்டும் இரும்புச் சுருள்கள்.

குழு ரெண்டுபட்டது. தேன்கூட்டில் கல் விழுந்த மாதிரிதான்.

"இப்பவாவது புத்தி வந்துச்சே! அந்தக் குட்டைய வெச்சிக்கிட்டு கொசு வளக்கறாங்க" என்று முதல் குரல் பதிவை அனுப்பியவள் ஒரு மருந்துக் கடைக்காரி. தலைவர் அவளுக்கு வைத்த பெயர் 'கிறுகிறு'. ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். ஒரே நாளில் ஒரே ராட்டினத்தில் திரும்பத் திரும்ப ஏறி, பணியாளர்களே கும்பிட்டு அனுப்பி வைத்த பெண்மணி. நேரில் பார்த்தவர்கள் ரொம்பச் சாது என்பார்கள். குழுவில் மட்டும் அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது.

பலரும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். சிலர் தீவுக்காகக் கண்ணீர் விட்டார்கள். கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டால், அவர்களுக்கு நினைவில்லை. பல்லக்கா அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குழுவில் கருத்து எழுதினாள்.

"பூங்காவுக்கு வர்றவங்க எல்லாரும் கத்தறதுக்கே வர்றதில்லைங்க. சும்மா உக்காரவும் ஒரு எடம் வேணும்."

உடனே கிறுகிறுவின் குரல் வந்தது. "பல்லக்கா, சும்மா உக்கார ஒங்க வீட்ல நாற்காலி இல்லையா?"

"இருக்கு. அதுல என்னைச் சும்மா உக்கார விடறதில்ல."

அந்த ஒரு வரிக்குச் சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. கூடவே, அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த இல்லத்தரசிகள், கணக்காளர்கள், ஒரு பேருந்து நடத்துநர் என்று ஒவ்வொருவராக, "எனக்கும்தான்" என்று எழுதினார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, சாயங்காலத்துக்குள் பல்லக்கா தீவுக் கட்சியின் தலைவியாகிவிட்டாள்.

வீட்டிலும் அதே நிலைமை. மகள் கோஸ்டர் கட்சி. "அம்மா, நீ என் மானத்தை வாங்கற. என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் அந்தக் குரூப்ல இருக்காங்க" என்றாள். கணவரை நியாயம் கேட்டால், "இடது பக்கமும் பாக்கணும், வலது பக்கமும் பாக்கணும்" என்றபடி நைசாக நழுவி மாடிக்குப் போய்விட்டார்.

சண்டை முற்றவே, பூங்காவின் மேலாளர் ரசிகர்களைக் கூப்பிட்டுப் பேச முடிவு செய்தார். பூங்காவின் உணவுக் கூடத்தில் ஒரு காலை வேளை. குழுவில் புலியாகப் பாய்ந்தவர்கள் எல்லாம் நேரில் வந்ததும், ஒருவரையொருவர் பார்த்து வெட்கப்பட்டு, காகிதக் கோப்பைகளைத் திருகிக்கொண்டிருந்தார்கள். கிறுகிறு முன்வரிசை. ஒல்லியான உருவம், மூக்கின் நுனியில் கண்ணாடி. பல்லக்கா கடைசி வரிசை. தலைவர் விடுவாரா? "பல்லக்கா பேசுவாங்க" என்று கையைப் பிடிக்காத குறையாக எழுப்பி விட்டார்.

மேலாளர் நல்ல மனிதர்தான். பொறுமையாக எடுத்துச் சொன்னார். "மேடம், நாங்களும் யோசிக்காம செய்யல. அந்தத் தீவுக்கு யாருமே வர்றதில்லையே?"

"ஆமாங்க. யாரும் வர்றதில்ல. அதனாலதான் நான் வர்றேன்."

கூடமே சிரித்தது. மேலாளரும் சிரித்துவிட்டார். கிறுகிறு எழுந்தாள். குழுவில் கேட்ட குரல் இல்லை அது. கூடமே காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய மெல்லிய குரல். "ஒருத்தங்க சும்மா உக்கார்றதுக்காக இத்தனை பேரோட ஆசையக் கெடுக்கலாமா?" அதற்கும் கைதட்டல். அதுவும் நியாயம்தானே என்று பல்லக்காவுக்கே தோன்றியது.

கடைசியில் மேலாளர் ஒரு வழி சொன்னார். மழைக்காலம் முடியும்வரை வேலையைத் தொடங்கப் போவதில்லை. அதற்குள் தீவுக்கு மக்கள் வரத் தொடங்கினால் கோஸ்டர் திட்டத்தைக் கைவிடுவார்கள். வராவிட்டால் குளத்தை மூடிவிடுவார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். பல்லக்காவும் ஆட்டினாள். தான் எதற்குத் தலையாட்டுகிறோம் என்று அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

ஆள் சேர்ப்பது எப்படி? யோசித்து யோசித்து, தன் தொழிலிலிருந்தே ஒன்றைப் பிடித்தாள். கப்பல் வாசலில் இருந்த எலும்புக்கூட்டை அவள் முதல் நாளே கவனித்திருந்தாள். அதைச் செய்தவன் கையில் மிச்சமிருந்த பற்களையெல்லாம் அதன் வாயிலேயே நட்டிருப்பான் போல. பல்லுக்குப் பின்னால் பல், அதற்குப் பின்னாலும் பல். அவள் ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டு, "இந்த ஆளுக்கு எத்தனை பல்? நேரில் வந்து எண்ணிச் சொல்லுங்கள்" என்று எழுதினாள். மருத்துவமனைச் சுவரிலும் அதையே ஒட்டினாள். தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்கள்கூட அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு ஒரு குடும்பம் வந்து எண்ணியது. அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடக் குழந்தைகள். ஒருவர் சொன்ன எண்ணிக்கை மற்றவருக்கு வரவில்லை. கடைவாய்ப் பல்லை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்று குழுவில் புதிதாக ஒரு போர். டாக்டரம்மாவே ஒரு விடுமுறை நாளில் டார்ச் விளக்கோடு வந்து, எலும்புக்கூட்டின் வாய்க்குள் எட்டிப் பார்த்து, "இவருக்கு முதல்ல நாலு பல்லைப் பிடுங்கணும்" என்று தீர்ப்புச் சொல்ல, அந்தப் படம் ஊர் முழுக்கச் சுற்றியது. மிதிபடகுகளின் சங்கிலியைக் கழற்றினார்கள். கழிவறையைத் திறந்தார்கள். மரப் பாலத்தில் வரிசை நின்றது.

மழை ஓய்ந்ததும் மேலாளர் அறிவித்தார்: தீவு தப்பியது. கோஸ்டர் இல்லை. தீவுக் கட்சி கொண்டாடியது. கிறுகிறு ஒரே ஒரு சொல் எழுதினாள்: "வாழ்த்துகள்." குரல் பதிவுகூட இல்லை. மகள் ஒரு பொழுது முழுக்க அம்மாவோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது பல்லக்காவுக்குச் சுகமாகத்தான் இருந்தது என்றாலும், அந்த 'வாழ்த்துகள்' என்னவோ மாதிரி நெஞ்சில் தங்கியது.

புதுப்பித்த தீவின் திறப்பு விழாவுக்குப் பல்லக்காதான் சிறப்பு விருந்தினர். நல்ல உடை உடுத்திக் குடும்பத்தோடு போனாள். பாலம் தாண்டியதும் நின்றுவிட்டாள். எலும்புக்கூடு இருந்த இடத்தில், இப்போது கப்பலை விடப் பெரிய எலும்புக்கூடு. அதன் தாடைக்குள் மோட்டார். நிமிடத்துக்கொரு முறை வாயைத் திறந்து, "எண்ணிப் பார், என் பல்லை!" என்று ஒலிபெருக்கியில் முழங்கியது. தாடை மூடும்போதெல்லாம் மோட்டார் 'ங்ஙீ' என்றது. அச்சு அசல் டாக்டரம்மாவின் உள்ளறைச் சத்தம்.

"எப்படி மேடம்? எல்லாம் உங்க ஐடியாதான்!" என்றார் மேலாளர், முகமெல்லாம் பல்லாக.

"ரொம்ப... ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். வேறு என்ன சொல்வது?

குன்றின் பின்பக்கம் ஓடிப் பார்த்தாள். அவள் உட்காரும் பெஞ்சுக்கு மேல் 'படம் எடுக்குமிடம்' என்று பலகை. அதற்கும் ஒரு வரிசை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. காலியான இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கிளம்பியவள், அது காலியாக இல்லாமல் பார்த்துக்கொண்டு அல்லவா காப்பாற்றியிருக்கிறாள்! குளத்தின் ஓரப் படியில் போய் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அடுத்த முழக்கத்தில் அதுவே சிரிப்பாக மாறியது. இரண்டும் சேர்ந்து அவளை உலுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். கிறுகிறு.

"அழறீங்களா, சிரிக்கறீங்களா?"

"எனக்கே தெரியல. நீங்க எங்க இங்க?"

"என் கோஸ்டர முழுங்கின எலும்புக்கூட்டப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." கண்ணாடியை மேலே தள்ளி அதைப் பார்த்தாள். "நல்லாவே இல்ல, பல்லக்கா."

"கொடுமையா இருக்கு" என்றாள் பல்லக்கா. இருவரும் சிரித்தார்கள்.

பல்லக்கா கேட்டாள்: "ஏங்க, நேர்ல இவ்வளவு மெதுவாப் பேசறீங்க. குரூப்ல மட்டும் ஏன் அந்தப் போடு போடறீங்க?"

கிறுகிறு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "மருந்துக் கடையில வேற எப்படிங்க பேசறது? வர்றவங்க ஒவ்வொருத்தரும் ஏதோ ஒரு பயத்தோட வருவாங்க. என்ன மருந்துன்னு பக்கத்துல நிக்கறவங்களுக்குத் தெரியக் கூடாதும்பாங்க. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ரகசியம் பேசறதே வேலை. வீட்ல எங்கண்ணன் படுத்த படுக்கை, அங்கயும் சத்தம் போட முடியாது. இங்க வந்து அந்த உச்சியில இருந்து விழும்போது தொண்ட கிழியக் கத்துவேன் பாருங்க... யாரும் என்னன்னு கேக்க மாட்டாங்க. எல்லாரும்தான் கத்தறாங்களே."

பல்லக்கா தன் பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். எலும்புக்கூடு மறுபடியும் முழங்கியது. இருவரும் அது முடியும்வரை காத்திருந்தார்கள்.

"ஒங்களுக்குக் கோஸ்டர் வேற எங்கயாவது வந்தாலும் பரவாயில்லதானே?" என்றாள் பல்லக்கா.

"பாதாளத்துல வந்தாலும் பரவாயில்ல."

நுழைவாயில் அருகே, கார் பந்தயத் திடல் ஒன்று டயர்களுக்கு நடுவே புல் முளைத்துக் கிடந்தது. அங்கே உட்காரவும் முடியாது, நிழலும் இல்லை. அதற்காக அழ ஒருவரும் இல்லை. பல்லக்கா கழுத்தில் போட்ட விருந்தினர் பட்டையோடே இருவரும் எழுந்து நேராக மேலாளர் அறைக்குப் போனார்கள். எலியும் பூனையும் கைகோத்து வருவதைப் பார்த்து, மேலாளர் ஏதோ பெரிய வழக்கு வரப்போகிறது என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அந்தப் பேச்சு சாதாரணமாக முடியவில்லை. திடல் சின்னது, சுருள் அடங்காது என்றார் மேலாளர். கிறுகிறு உலகத்தில் எங்கெங்கே சின்ன இடத்தில் கோஸ்டர் இருக்கிறது என்று மெல்லிய குரலில் அடுக்கிக்கொண்டே போனாள். பல்லக்கா அந்த எலும்புக்கூட்டின் வாயை மூடச் சொன்னாள். "அதை வெச்சதே போன வாரம்தான் மேடம்!" என்று மேலாளர் கிட்டத்தட்டக் கெஞ்சினார். பிறகு குழுவே சேர்ந்து கேட்டது. முதல்முறையாக இரண்டு கட்சியும் ஒரே பக்கம். அதில் தலைவருக்குத்தான் வருத்தம், பேசச் சண்டையில்லாமல் போய்விட்டதே என்று.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. திடலில் கோஸ்டர் வரும், ஆனால் படத்தில் இருந்ததைவிடச் சிறியது. எலும்புக்கூடு வார நாட்களின் காலையில் மட்டும் வாயை மூடிக்கொள்ளும். பல்லக்கா டாக்டரம்மாவிடம் பேசித் தன் வார விடுமுறையைப் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். புதன்கிழமைகளில் அவளோடு தீவில் சில பேர் உட்கார்ந்திருப்பார்கள். குழுவில் எழுதிய அந்தப் பேருந்து நடத்துநர் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். முழுத் தனிமை இல்லை. போகட்டும், தூங்குகிறவர்கள் கேள்வி கேட்பதில்லை.

அடுத்த ஆண்டு கோஸ்டர் திறந்த அன்று குழு மொத்தமும் வந்திருந்தது. முதல் பெட்டியில் கிறுகிறுவும் பல்லக்காவின் மகளும். இந்த இடைப்பட்ட காலத்தில் மகள் கல்லூரிக்குப் போய், மருந்தியல் படிப்பில் சேர்ந்து, 'சித்தி, சித்தி' என்று கிறுகிறுவின் கடையே கதியாகக் கிடந்தாள். அவர்களுக்குப் பின்னால் பல்லக்காவின் கணவர், பக்கத்தில் அறிமுகமில்லாத யாரோ ஒருவர். பெட்டி ஏறத் தொடங்கியதுமே கணவரின் வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்தத் தொடங்கியது கீழிருந்தே தெரிந்தது.

பெட்டி உச்சியில் ஒரு நொடி நின்றது. பிறகு விழுந்தது. அத்தனை பேர் அலறலிலும் பல்லக்கா ஒரு குரலைத் தனியாக அடையாளம் கண்டாள். மருந்துக் கடையில் ஒருவரும் கேட்டிருக்காத குரல். தன்னையறியாமல் கை தட்டினாள்.

கிறுகிறு தள்ளாடியபடி இறங்கி வந்தாள். தலைமுடி நாலா பக்கமும் பறந்திருந்தது. கண்ணில் தண்ணீர், முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

"எப்படி இருந்துச்சு?"

"சின்னதுதான்" என்றாள் கிறுகிறு, மூச்சு வாங்க. "ஆனா கடங்காரன், கடைசி வளைவுல உயிர வாங்கிட்டான். வாங்க, நீங்களும் ஒரு தடவை. நான் கையப் பிடிச்சிக்கறேன்."

"அம்மா, ப்ளீஸ்மா" என்றாள் மகள்.

"அவளை விடுங்க, அவ கிளட்ச்ல கால வெச்சபடியே நின்னுடுவா" என்றார் கணவர், பிரேக் அழுத்திய காலைத் தேய்த்துவிட்டபடி.

பல்லக்கா அவரை ஒரு முறை முறைத்தாள். கையில் இருந்த பைகளையெல்லாம் அவர் தோளில் மாட்டினாள். செருப்பைக் கழற்றி அவர் காலடியில் வைத்தாள். "பத்திரமாப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, கிறுகிறுவின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.